மச்சான் கைதட்டிய கதை

“ஜெயிச்சுக் கொடுத்தது எங்க மச்சான்! கேலரியை விட்டு இறங்கல. பந்தை விரல் நுனியாலகூடத் தொடல. மடியில வேற ஒரு மாவுக்கட்டுக் கால். அப்படியும் கோப்பை எங்களுக்கு வந்திருக்குன்னா அது அவர் கைதட்டினதாலதான்!”

கூடைப்பந்து மாஸ்டர் இப்படி முழங்கியபோது அந்த உள்ளரங்கமே சிரித்தது. நடுவர் விசிலை வாயில் வைத்துக்கொண்டே சிரித்ததால் விசிலும் சேர்ந்து சிரித்தது. தோற்றுப்போன அணி தோற்ற துக்கத்தை மறந்து சிரித்தது. மாஸ்டருடைய அணிப் பையன்கள்கூட ஷூ நாடாவைச் சரிசெய்கிற சாக்கில் குனிந்துகொண்டு தோள் குலுங்கினார்கள். சிரிக்காதவர் ஒரே ஒருவர்தான். அவர் அந்த மச்சான்.

“நானா? நான் கைதட்டினேனா?” என்று அவர் கேலரியின் முதல் வரிசையிலிருந்து கேட்டார். “மாப்ளே, பேசுறதுக்கு ஒரு அளவு வேணாமா?”

அளவுக்கும் மாஸ்டருக்கும் பல வருடங்களாகப் பேச்சுவார்த்தை கிடையாது. அவருக்குத் தும்மல் வந்தால் அது மூன்று தெரு தாண்டி ஜன்னலை உடைத்திருக்கும். தூறல் விழுந்தால் கல்லூரி அலுவலக வாசலில் திமிங்கலம் ஒதுங்கியிருக்கும். அவர் எதைச் சொன்னாலும் பத்தால் வகுத்துக் கேட்பது என்று கல்லூரியில் ஓர் எழுதாத ஏற்பாடு இருந்தது. அவர் மனைவி மட்டும் இருபதால் வகுப்பாள். கூடவே வாழ்கிறவள் இல்லையா?

அப்படிப்பட்ட மனிதர் வாழ்க்கையில் முதல்முறையாக வகுக்கத் தேவையில்லாத ஒரு வாக்கியத்தைச் சொல்லியிருந்தார். அதை வாங்கத்தான் ஆள் இல்லை. அந்த வாக்கியம் விலைபோகாவிட்டால் அவருடைய ஆடுகளமும் போய்விடும்.

ஆடுகளம் என்றால் கல்லூரிக்குப் பின்னால் இருந்த சிமென்ட் தரை. மாஸ்டரின் கணக்கில் அது உலகத்திலேயே மூன்றாவது சிறந்த கூடைப்பந்துக் களம். முதல் இரண்டு எவை என்று கேட்டால் அவை இன்னும் கட்டப்படவில்லை என்பார். அந்தத் தரையில் வாகனம் நிறுத்த ஒரு ஷெட் போடவேண்டும் என்று நிர்வாகம் முடிவு செய்திருந்தது. திட்டத்தைப் போட்டவர் நிர்வாக மேலாளர். அவர் மாஸ்டரின் மனைவிக்கு அண்ணன், அதாவது மச்சான்.

மச்சானும் மாஸ்டரும் ஒரே வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தால் தராசின் இரண்டு தட்டு மாதிரி இருக்கும். ஒன்று வானத்துக்குப் போகும், மற்றது தரையை விட்டு எழாது. மச்சான் எதையும் கூட்டிச் சொன்னதில்லை. தீப்பிடித்தால்கூட “கொஞ்சம் புகை வர்ற மாதிரி இருக்கு, பாருங்க” என்பார். இரண்டு விஷயங்களுக்கு அவர் பேர்போனவர். ஒன்று, அவர் முத்திரை குத்துகிற குத்து. மாடியில் அவர் ஒரு கடிதத்தில் முத்திரை வைத்தால் கீழே நூலகத்தில் புத்தகம் விழும். இரண்டாவது, அவர் எதற்கும் கைதட்டியதில்லை. தன் சொந்த மகள் மேடையேறிப் பரிசு வாங்கியபோது தலையை ஒருமுறை ஆட்டினார். அவ்வளவு உணர்ச்சிவசப்பட்டு அவரைப் பார்த்ததே இல்லை என்று ஊழியர்கள் ஒரு வாரம் பேசிக்கொண்டார்கள்.

“இந்த வருஷக் கோப்பையைக் கொண்டு வந்தா ஷெட்டை வேற இடத்துல போட்டுக்கலாம்” என்று முதல்வர் சொல்லியிருந்தார். “கொண்டு வரலைன்னா லீவுல கம்பி நட்டுடுவோம். அதுக்கப்புறம் என்கிட்ட வந்து நிக்காதீங்க, மாஸ்டர்.”

மாஸ்டர் கவலைப்படவில்லை. அவரிடம் கொக்கு இருந்தான்.

கொக்கு என்பது பட்டப்பெயர். அவன் குனிந்து வகுப்பறைக்குள் நுழைந்து நிமிர்வதற்குள் பாதிப் பாடம் முடிந்துவிடும். அவன் பேசினால் கீழே இருப்பவர்களுக்குச் சற்றுத் தாமதமாகத்தான் கேட்கும். இவ்வளவு உயரம் இருந்தும் பசுமாதிரி சாது. மாஸ்டரின் ஆட்ட வியூகம் முழுவதும் அவனைச் சுற்றியே கட்டப்பட்டது. அதைச் சொல்லி முடிக்க ஒரு கொட்டாவி விடுகிற நேரம் போதும். கொக்கு வளையத்துக்கு இடது பக்கம் போய் நின்று இரண்டு முறை கைதட்டுவான். பந்து யார் கையில் இருந்தாலும், எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாலும், சத்தம் கேட்டதும் இடது பக்கம் வீசிவிட வேண்டும். மிச்சத்தைக் கொக்கு பார்த்துக்கொள்வான். பலகையோடு பலகை மோதுகிற மாதிரி இருக்கும் அந்தக் கைதட்டல். அதைக் கேட்டால் பக்கத்துக் கட்டிடத்தில் தூங்குகிற வகுப்பு மொத்தமும் எழுந்து “உள்ளேன் ஐயா” என்று சொல்லும்.

இப்படித் தட்டித் தட்டியே அணி இறுதி ஆட்டம்வரை வந்துவிட்டது. அந்த நேரத்தில்தான் மச்சானின் அறையில் ட்யூப் லைட் எரியாமல் போனது.

கல்லூரியில் எந்த லைட் போனாலும் கொக்கைக் கூப்பிடுவது வழக்கம். அவன் தரையில் நின்றபடியே கையை நீட்டி மாற்றிவிடுவான். அன்றும் அப்படித்தான் கையை நீட்டினான். மச்சான் தடுத்தார்.

“தம்பி, நில்லு. ஸ்டூல் போட்டு ஏறு.”

“எதுக்கு சார்? கை எட்டுதே.”

“எட்டுது, எட்டல, அது வேற விஷயம். மின்சார வேலை எதுவா இருந்தாலும் ஸ்டூல் மேல நின்னுதான் செய்யணும்னு விதி. போட்டவனே நான்தான்.”

“ஸ்டூல்ல ஏறினா தலை இடிக்கும் சார்.”

“குனிஞ்சுக்கோ.”

சாது என்றேன் அல்லவா? குனிந்துகொண்டு ஏறினான். அவ்வளவு உயரமான ஒருவன் தன்மேல் ஏறுவான் என்று அந்த ஸ்டூல் கனவிலும் நினைத்திருக்காது. ஒரு கால் மடங்கியது. ஸ்டூலுக்கு ஒன்று, கொக்குக்கு ஒன்று. பாதுகாப்புக்காகப் போட்ட விதியால் கால் உடைந்த ஒரே ஆள் உலகத்தில் அவன்தான் என்று மாஸ்டர் பின்னால் சொல்லித் திரிந்தார். வகுத்துப் பார்த்தாலும் அது ஏறக்குறைய உண்மையாகத்தான் இருக்கும்.

முட்டிவரை மாவுக்கட்டு. மச்சான் மருத்துவமனை வாசலில் உட்கார்ந்திருந்தார். மாஸ்டர் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“மச்சான், ஷெட்டுக்காக இவ்வளவு தூரம் இறங்கி வேலை செய்யணுமா?”

மச்சான் திரும்பிப் பார்த்த பார்வையில் மாஸ்டருக்கே ஒருமாதிரி ஆகிவிட்டது. “சும்மா சொன்னேன்” என்றார்.

“அந்தப் பையன் கட்டுப் பிரிக்கிற வரைக்கும் எங்க போனாலும் அவன் கால் என் பொறுப்பு” என்றார் மச்சான். “தொங்கவிடக்கூடாது, உயர்த்தி வைக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்கார். நான் வச்சுக்கிறேன்.”

கொக்கு இல்லாமல் எப்படி ஆடுவது என்று பார்க்க, பக்கத்து அலுவலக அணி ஒன்றை மாஸ்டர் பயிற்சி ஆட்டத்துக்கு அழைத்தார். அந்த அணியில் பாதிப்பேருக்குத் தொப்பை, மீதிப்பேருக்கு மூச்சிரைப்பு. கொக்கு களத்தின் ஓரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். எதிர் நாற்காலியில் மச்சான், மடியில் அவன் கால். கையில் அளவு நாடா வேறு. இடைவேளையில் ஷெட்டுக்குத் தரையை அளந்துவிடலாம் என்று கொண்டுவந்திருந்தார்.

ஆட்டம் தொடங்கியது. இடது பக்க வாசலில் நின்றிருந்த காவலாளி ஒரு கொசுவை அடித்தார். முதல் தட்டில் கொசு தப்பித்தது, இரண்டாவது தட்டில் செத்தது. அவ்வளவுதான், கேப்டன் கையிலிருந்த பந்து அவனைக் கேட்காமலேயே கிளம்பி, காவலாளியின் தொப்பியைத் தட்டிக்கொண்டு தெருவுக்குப் போய்விட்டது.

“டேய், யாருக்குடா போட்டே?” என்று மாஸ்டர் கத்தினார்.

“கைதட்டினாங்க சார்!”

“அது கொசுடா!”

“கொசுன்னு எப்படி சார் தெரியும்? நாங்க பார்க்கலையே!”

அன்று அந்தப் பக்கம் கொசு அதிகம். மாஸ்டரின் பிற்காலக் கணக்குப்படி பந்து ஒருமுறை ஓடுகிற பேருந்தில் ஏறி அடுத்த நிறுத்தத்தில் இறங்கியது. தொப்பை அணி மூச்சிரைத்துக்கொண்டே ஜெயித்தது. மச்சான் அளவு நாடாவை எடுத்து, தோற்றவர்கள் மனம் நோகாதபடி மெதுவாக, தரையை அளந்தார்.

மாஸ்டர் இதைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கு ஒரு விஷயம் உறைத்தது. இத்தனை நாள் தான் எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை. பையன்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததே இல்லை. பார்க்கத் தேவையில்லாதபடி கொக்கு இருந்தான். அணியில் ஐந்து பேர் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாரே, இருந்தது ஒரு பையனும் இரண்டு உள்ளங்கைகளும்தான். வீட்டுக்குப் போய் மனைவியிடம் இதைச் சொன்னார். அவள் வகுக்காமல் கேட்டுக்கொண்டாள்.

மறுநாள் கொக்குதான் பேச்சை எடுத்தான்.

“சார், வெளிய உட்கார்ந்து பார்த்தாதான் தெரியுது. கைதட்டல் கேட்டா நம்ம ஆளுங்க எல்லாரும் இடது பக்கம் திரும்புறாங்க.”

“ஆமாடா, அதுதானே வியூகம்.”

“நம்மகிட்ட ஃபைனல் ஆடப் போற காலேஜ் இருக்கே, மீசை சாரோட டீம். அவங்க ரெண்டு மாசமா என் கைதட்டலுக்குத்தான் பிராக்டிஸ் பண்றாங்களாம். மீசை சாரே நின்னு தட்டுவாராம். தட்டின உடனே அத்தனை பேரும் இடது பக்கம் பாயணுமாம். உள்ளங்கை வீங்கி அவரால பேனாவே பிடிக்க முடியலையாம்.”

“சரி, அதனால?”

“நான் வெளிய உட்கார்ந்து தட்டறேன் சார். அவங்க இடது பக்கம் பாயட்டும். நம்ம ஆளுங்க வலது பக்கம் போடட்டும்.”

மாஸ்டர் அவனைக் கட்டிப்பிடிக்கப் பார்த்தார். எட்டியவரை மாவுக்கட்டைத்தான் பிடிக்க முடிந்தது.

ஒரே சிக்கல், தட்டினால் சொந்தப் பையன்களும் அல்லவா பாய்வார்கள்? அதற்கு மாஸ்டர் கண்டுபிடித்த மருந்து, பஞ்சு. ஐந்து பேர் காதிலும் பஞ்சை அடைத்துப் பயிற்சிக்கு விட்டார். சத்தம் நின்றதும் பையன்கள் வேறு வழியில்லாமல் ஒருவரையொருவர் பார்க்க ஆரம்பித்தார்கள். முதல் நாள் வெட்கப்பட்டார்கள். அப்புறம் கண்ணைக் காட்டினார்கள், புருவத்தைத் தூக்கினார்கள். அணியில் மிகக் குள்ளமானவனுக்குக் குண்டூசி என்று பெயர். நான்கு வருடத்தில் யாரும் அவனுக்குப் பந்து போட்டதில்லை, யாரும் குனிந்து பார்த்ததில்லை என்பதால். இப்போது பார்த்தார்கள். பார்த்தால் அவன் எப்போதும் ஆளில்லாத இடத்தில்தான் நின்றுகொண்டிருந்தான்.

“எவ்வளவு நாளா இங்க நிக்கிறே?” என்று கேப்டன் கேட்டான்.

“முதல் வருஷத்துலேர்ந்து” என்றான் குண்டூசி.

இறுதி ஆட்டம் வேறொரு ஊரின் உள்ளரங்கத்தில் நடந்தது. மாவுக்கட்டுக் கால் கோட்டைத் தாண்டி உள்ளே நீட்டிக்கொண்டிருந்ததால் கொக்கு ஆட்டக்காரர்களின் பெஞ்சில் உட்காரக்கூடாது என்று நடுவர் சொல்லிவிட்டார். ஆகவே கேலரியின் முதல் வரிசைக்குப் போனான். பக்கத்தில் மச்சான், மடியில் கால். “ஆட்டத்தை நான் பார்க்க வரல, காலைப் பார்க்க வந்தேன்” என்று அவர் கேட்காதவர்களிடமும் சொன்னார்.

முதல் பாதியை மாஸ்டர் சொல்லிக் கேட்கவேண்டும். கொக்கு தட்டினான். எதிரணி ஐந்து பேரும் காற்றடித்த பயிர்போல இடது பக்கம் சாய்ந்தார்கள். பந்து வலது பக்கம் குண்டூசியிடம் போனது. அவன் பொறுமையாக, தலை வாரிக்கொள்ளாத குறையாக, வளையத்துக்குள் போட்டான். மறுபடி தட்டினான், மறுபடி சாய்ந்தார்கள். அவர்கள் பெஞ்சில் இருந்தவர்களும் சாய்ந்ததில் பெஞ்ச் ஒருமுறை கவிழ்ந்தது. எதிரணி மாஸ்டர் மீசை தலையில் அடித்துக்கொண்டார். இரண்டு மாதப் பயிற்சியாயிற்றே, உடம்பு கேட்குமா?

இடைவேளையில் மீசை நடுவரிடம் ஓடினார்.

“இது என்ன நியாயம் சார்? அந்த நெட்டைப் பையன் பேர் டீம்ல பதிஞ்சிருக்கு. டீம் ஆளு கேலரியில உட்கார்ந்து ஆட்டத்தை நடத்துறான்!”

நடுவர் யோசித்தார். பார்வையாளர் யார் வேண்டுமானாலும் கைதட்டலாம், அதைத் தடுக்க முடியாது. ஆனால் கொக்கு பார்வையாளன் இல்லை, பதிவுபெற்ற ஆட்டக்காரன். அவர் கேலரிக்கே வந்து விரலை நீட்டினார்.

“தம்பி, உன் கையிலேர்ந்து இனி ஒரு தட்டு கேட்டுச்சுன்னா, ஆட்டமும் கோப்பையும் அவங்களுக்கு.”

கொக்கு இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அவற்றின்மேல் உட்கார்ந்துகொண்டான். மீசை தன் பையன்களிடம் போய், “இனிமே எந்தக் கைதட்டல் கேட்டாலும் எவனாவது திரும்பினான்னா, ஊருக்கு நடந்துதான் வரணும்” என்றார்.

இரண்டாம் பாதி வேறு கதை. திசைதிருப்பக் கைதட்டல் இல்லை. காதிலிருந்த பஞ்சால் நடுவரின் விசில் கேட்காமல் பையன்கள் விசிலுக்குப் பிறகும் ஆடி, தவறுமேல் தவறு வாங்கினார்கள். ஒருமுறை எதிரணி தண்ணீர் குடிக்கப் போன பிறகும் இவர்கள் மட்டும் ஆடிக்கொண்டிருந்தார்கள். முன்னிலை கரைந்து, முடிவு நெருங்கும்போது ஒரு புள்ளி பின்தங்கினார்கள். மாஸ்டர் டைம் அவுட் கேட்டு, ஐந்து பேர் காதிலிருந்தும் பஞ்சைப் பிடுங்கினார். அதைச் சேர்த்தால் ஒரு மெத்தை தைக்கலாம் என்பது அவர் கணக்கு.

“இனிமே என்ன சார் பண்றது?” என்றான் கேப்டன்.

“ஒருத்தரையொருத்தர் பாருங்கடா. வேற என்கிட்ட ஒண்ணும் இல்ல.”

கடைசிச் சில நொடிகள். பந்து கேப்டனிடம். அவனைச் சுற்றி மூன்று பேர் சுவர்போல நின்றார்கள். அவனுக்கு யார் முகமும் தெரியவில்லை. அரங்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. ஈ பறந்தால் அதன் இறக்கைச் சத்தம் எதிரொலிக்கும் அளவுக்கு அமைதி. மாஸ்டரால் பார்க்க முடியவில்லை. களத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றார். அதனால்தான் அரங்கத்திலேயே அவர் ஒருவர் மட்டும் கேலரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கொக்கு கைகளின்மேல் உட்கார்ந்திருந்தான், உதட்டைக் கடித்துக்கொண்டு. அவன் பக்கத்தில் மச்சான் எழுந்துகொண்டிருந்தார். மடியிலிருந்த கால் நழுவிக் கீழே விழுந்தது, அவர் பார்க்கவில்லை. கண்கள் களத்தின் இடது மூலையில் இருந்தன. அங்கே வளையத்துக்கு அடியில், காவல் யாருமின்றி, குண்டூசி நின்றுகொண்டிருந்தான். மச்சானின் இரண்டு கைகளும் உயர்ந்தன.

பட்! பட்!

கேப்டன் கையிலிருந்து பந்து பழையபடி அவனைக் கேட்காமலேயே இடது மூலைக்குப் பறந்தது. எதிரணி அசையவில்லை. திரும்பினால் நடந்து போகவேண்டுமே! குண்டூசி பந்தை வாங்கினான், போட்டான், மணி அடித்தது.

மாஸ்டர் களத்தைப் பார்க்கத் திரும்பி, மறுபடி கேலரியைப் பார்த்தபோது மச்சான் உட்கார்ந்திருந்தார். மடியில் கால். முகத்தில் வழக்கமான முகம்.

மீசை பாய்ந்து வந்தார். “தட்டினான்! நெட்டையன் தட்டினான்! கோப்பை எங்களுக்கு!” நடுவர் கோப்பையைத் தன் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். அப்போதுதான் மாஸ்டர் அந்தப் பிரகடனத்தைச் செய்தார், அரங்கம் சிரித்தது. விசாரணை மறுநாள் காலை என்றார் நடுவர். கோப்பை போட்டிக் குழு அலுவலக அலமாரிக்குப் போயிற்று.

விடுதிக்குத் திரும்பும் வேனில் மச்சான் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். பின் சீட்டில் குண்டூசியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு பையன்கள் பாடிக்கொண்டிருந்தார்கள்.

“மச்சான், என் கண்ணால பார்த்தேன்.”

“நீங்க எதைத்தான் மாப்ளே கண்ணால பார்க்கல? திமிங்கலத்தையே பார்த்தவர்.”

“அது வேற. இது நிஜம்.”

“திமிங்கலத்துக்கும் இதையேதான் சொன்னீங்க.”

கொக்கு மெதுவாகச் சொன்னான். “சார், நீங்க எழுந்தப்ப என் கால் கீழ விழுந்துச்சு சார்.”

“வேன் குலுங்கினப்ப விழுந்திருக்கும்.”

“வேன்ல இல்ல சார். கேலரியில.”

மச்சான் தன் வலது உள்ளங்கையை ஒருமுறை திருப்பிப் பார்த்தார். பிறகு அதைப் பையில் போட்டுக்கொண்டார்.

“நாளைக்கு இல்லைன்னு சொல்லிட்டீங்கன்னா கோப்பை போயிடும், தரை போயிடும், உங்க ஷெட் வந்துடும்” என்றார் மாஸ்டர். இந்த ஒருமுறை குரலில் அலங்காரம் எதுவும் இல்லை.

“அதுதான் மாப்ளே தொல்லை. தட்டலைன்னு சொன்னா, ஷெட்டுக்காகச் சொன்னான்னு நீங்க சொல்லுவீங்க. தட்டினேன்னு சொன்னா, தங்கச்சி புருஷனுக்காகப் பொய் சொன்னான்னு ஊரே சொல்லும். எனக்கு ரெண்டும் வேணாம். நடந்ததை மட்டும்தான் நான் சொல்லுவேன். ஆனா நடந்தது எனக்கு ஞாபகம் இல்ல. அந்தப் பையன் தனியா நின்னான், அது ஞாபகம் இருக்கு. அப்புறம் மணி அடிச்சுது, அதுவும் இருக்கு. நடுவுல ஒண்ணுமே இல்ல. ஆயுசுல கைதட்டாதவன் நான். இன்னிக்கு மட்டும் தட்டினேன்னா என் கைக்காவது தெரிய வேணாமா?”

மாஸ்டர் போனில் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

“எங்க அண்ணன்? கைதட்டினாரா?” என்றாள் அவள். “ஒரு தடவையாவது நம்புற மாதிரி ஒரு பொய் சொல்லக்கூடாதா நீங்க?”

காலையில் போட்டிக் குழு அலுவலகத்தில் கூடினார்கள். ஒரு மேஜை, ஆறு நாற்காலிகள், மேஜைமேல் கோப்பை. வாசலையொட்டிக் கேப்டன் நின்றான், கையில் மூடி திறந்த தண்ணீர் பாட்டில். நடுவர் தலைமை நாற்காலியில் உட்கார்ந்தார். மீசை அறையின் இடது மூலையில் கால்மேல் கால் போட்டுக்கொண்டிருந்தார். கொக்கு நாற்காலியில், அவன் கால் மச்சான் மடியில்.

“தம்பி, தட்டினியா?” என்றார் நடுவர்.

“இல்ல சார். கைமேல உட்கார்ந்து பந்தைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன்.”

“பார்த்தவங்க?”

“மாஸ்டர் பார்த்தார் சார்.”

மீசை மீசையைத் தடவிக்கொண்டார். “மாஸ்டர் பார்த்தாராமா? சரி, அடுத்தது திமிங்கலத்தைக் கூப்பிடுங்க, சாட்சி சொல்லட்டும்.”

திமிங்கலம் அந்த ஊர்வரை நீந்தி வந்திருக்கிறது என்று மாஸ்டருக்கு அப்போதுதான் தெரிந்தது. தலையைக் குனிந்துகொண்டார்.

“அந்தச் சத்தம் எனக்குத் தெரியாதா சார்?” என்று மீசை தொடர்ந்தார். “ரெண்டு மாசமா கனவுல கேட்ட சத்தம். அந்த நெட்டையன் கையைத் தவிர வேற எந்தக் கையிலும் அது வராது. இவர் தட்டினாராம்! இவர் கையைப் பாருங்க. முத்திரை குத்துற கை சார் அது, கைதட்டுற கையா?”

நடுவர் மச்சானைப் பார்த்தார். “நீங்க பொய் சொல்லமாட்டீங்கன்னு எல்லாரும் சொல்றாங்க. சொல்லுங்க. தட்டினது நீங்களா?”

“எனக்கு ஞாபகம் இல்ல” என்றார் மச்சான்.

மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். இமைக்குள்ளே சிமென்ட் தரைமேல் வரிசையாகக் கம்பிகள் முளைத்தன.

“ஞாபகம் இல்லாததை நான் எப்படி எழுதுறது?” என்றார் நடுவர். “அப்படின்னா கோப்பை...”

“ஒரு நிமிஷம்” என்றார் மச்சான். “சத்தம் வரும், வராதுன்னு இவர் சொல்றார். அதை மட்டும் பார்த்துடலாமே. வரலைன்னா நான் தட்டலைன்னு ஆயிடும். எனக்கும் நிம்மதி.”

கொக்கின் காலை மெதுவாகத் தூக்கிப் பக்கத்து நாற்காலியில் வைத்தார். கைக்கடிகாரத்தைக் கழற்றினார். எழுந்து நின்றார். கைகளை எப்படி வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. ஒரு கையைக் கீழே, ஒரு கையை மேலே வைத்துப் பார்த்து, கடைசியில் முத்திரை குத்துகிற வாக்கிலேயே ஓங்கினார்.

பட்! பட்!

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. வாசலில் நின்ற கேப்டனின் கையிலிருந்த பாட்டில், அவனைக் கேட்காமலேயே, அவன் பார்வை வேறெங்கோ இருக்கையில், அறையின் இடது மூலைக்குப் பறந்தது. மூலையில் இருந்தவர் மீசை. தண்ணீர் அவர் தலையில் தொடங்கி, மீசையின் இரண்டு நுனியிலும் பிரிந்து சொட்டியது. மாஸ்டர் பின்னால் அதை அருவி என்றார்.

“சார், மன்னிச்சிடுங்க சார்!” என்று கேப்டன் அலறினான். “நான் போடல சார், கை போட்டுடுச்சு!”

மீசை துடைத்துக்கொள்ளவில்லை. அவரும் அந்தச் சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

மச்சான் தன் உள்ளங்கைகளை விரித்துப் பார்த்தார். இரண்டும் சிவந்திருந்தன. அந்த எரிச்சல் புதிதல்ல போலிருக்கிறது. நேற்று ராத்திரி முழுக்கப் பைக்குள் இருந்தது அதுதான் என்று அவர் முகம் சொன்னது. நடுவரைப் பார்த்தார், கோப்பையைப் பார்த்தார், கடைசியில் மாஸ்டரைப் பார்த்தார்.

“எழுதிக்குங்க” என்றார். “தட்டினது நான்தான். ரெண்டு தட்டு. மாப்ளே சொன்னதை இந்த ஒரு தடவை யாரும் வகுக்க வேணாம், அப்படியேதான் நடந்துச்சு.”